நிபிசிங் ஏரியின் மேல் ஸ்னோமொபைலில் போகலாமா?

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வசிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பெப்ரவரி நடுப்பகுதியில் நான்கு குடும்பங்களாக நோர்த் பே பக்கம் போகிறோம். நிபிசிங் ஏரிக்கரையில் விடுதி எடுத்திருக்கிறோம். இரண்டு ஸ்னோமொபைல்களை (பனிமேல் ஓடும் வண்டிகள்) வாடகைக்கு எடுக்கும் எண்ணம் இருக்கிறது. எங்களில் ஒருவரும் இதற்கு முன் ஓட்டியதில்லை. பிள்ளைகளில் ஒருவனுக்கு எட்டு வயது, இன்னொருத்திக்குப் பதின்மூன்று. ஏரிக்கு மேல் லொறியே போகிறது, பயம் எதற்கு என்கிறார் விடுதிக்காரர். உண்மையிலேயே பாதுகாப்பானதா? என்ன உடுத்துவது, எதைக் கவனிப்பது?"

போகலாம். தயங்காமல் போங்கள். இருபது குளிர்காலமாக நான் அந்த ஏரிக்குப் போய்வருகிறேன். ரொறன்ரோவிலிருந்து 350 கிலோமீற்றர் வண்டி ஓட்டிப் போய், விடியற்காலையில் அந்த வெள்ளை வெளியின் ஓரத்தில் நிற்கும்போது உண்டாகும் அமைதிக்கு ஈடாக எனக்கு இந்த நாட்டில் வேறொன்றும் கிடைக்கவில்லை. உங்கள் பிள்ளைகளும் அதைப் பார்க்க வேண்டும். ஆனால் அந்த விடுதிக்காரரின் வார்த்தையை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். லொறி போன தடத்தில் லொறி போனது என்பது உண்மை. அந்தத் தடத்திலிருந்து இருநூறு மீற்றர் தள்ளி என்ன இருக்கிறது என்று அந்த லொறிக்குத் தெரியாது, விடுதிக்காரருக்கும் தெரியாது.

ஒரு சொல்லை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். தமிழில் மார்கழி மாதத்துப் பனியும் பனிதான், வானத்திலிருந்து பஞ்சுபோல் விழுவதும் பனிதான், நீர் உறைந்து கல்லானதும் பனிதான். ஏரியில் இந்தக் குழப்பம் ஆபத்தில் முடியும். ஆகவே இங்கே மேலிருந்து விழுவதைப் பனி என்றும், ஏரி நீர் உறைந்து ஆன தட்டை ஐஸ் என்றும் எழுதுகிறேன். வெளியே பார்த்தால் உங்களுக்குத் தெரிவது பனி. உங்களைத் தாங்குவது ஐஸ். ஒன்றைப் பார்த்து மற்றதை அறிய முடியாது.

நிபிசிங் பெரிய ஏரி, ஏறத்தாழ 870 சதுர கிலோமீற்றர். ஆனால் ஆழமில்லாதது. சராசரி ஆழம் நாலரை மீற்றர்தான். இந்த ஒரு விவரத்தில்தான் அதன் குளிர்கால வாழ்க்கையே இருக்கிறது. நீர் 4 பாகை செல்சியஸில் மிகக் கனமாக இருக்கும். இலையுதிர் காலத்தில் குளிர்ந்த மேல்நீர் கீழே இறங்கி, கீழுள்ளது மேலே வந்து, ஏரி முழுவதும் நாலு பாகைக்கு வந்த பிறகே மேற்பரப்பு உறையத் தொடங்கும். ஆழமான ஏரியில் இந்த வேலைக்கு வாரக்கணக்கில் ஆகும். நிபிசிங்கில் ஆற வேண்டிய நீரே குறைவு. அதனால்தான் ரொறன்ரோவுக்கு அருகில் உள்ள சிம்கோ ஏரி இன்னும் அலையடித்துக்கொண்டிருக்கும் நாட்களில் இங்கே வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து மீன் பிடிப்பார்கள்.

ஆழமின்மையின் மறுபக்கமும் உண்டு. கோடையில் காற்றடித்தால் இந்த ஏரியில் அலை சட்டென்று எழும். டிசம்பரில் அதே காற்று, புதிதாகப் பிடித்த ஐஸை உடைத்துத் தள்ளிக் குவிக்கும். உடைந்த துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மறுபடி உறைந்துகொள்ளும். மேலே பனி விழுந்து எல்லாம் சமதளம்போல் தெரியும். அடியில் ஓரிடம் அறுபது சென்ரிமீற்றர், பக்கத்திலேயே இன்னோரிடம் பதினைந்து.

தடிப்பை அறிய ஒரே வழி துளை போட்டுப் பார்ப்பது. ஏரியில் மீன்பிடிக் குடிசைகளை வாடகைக்கு விடும் முதியவர் ஒருவருடன் பல வருடங்களுக்கு முன் ஒரு நாள் காலையில் போனேன். 'ஐஸ் பங்களா' என்பார்கள், உள்ளே கட்டில், அடுப்பு எல்லாம் உள்ள குடிசைகள். அவர் ஒவ்வொரு முந்நூறு மீற்றருக்கும் வண்டியை நிறுத்தித் துளைப்பானை ஊன்றுவார். சுருள் சுருளாக வெண்துருவல் மேலே வரும், தேங்காய் துருவுவது போல. திடீரென்று பிடி இலகுவாகும், நீர் பொங்கி வந்து அந்தத் துருவலைச் சாம்பல் நிறமாக்கும். முனை வளைந்த ஒரு கம்பியை உள்ளே விட்டு, அடி விளிம்பில் கொக்கியை மாட்டி, மேலே விரலால் அடையாளம் பிடித்து எடுப்பார். கம்பியில் சென்ரிமீற்றர் கோடுகள் கீறியிருந்தார். பிறகு என்னைக் குனிந்து துளையின் சுவரைப் பார்க்கச் சொன்னார். மேலே ஒரு சாண் அளவுக்குப் பால்போல வெள்ளை. அதற்குக் கீழே கண்ணாடிபோலத் தெளிந்து, கறுப்பாகத் தெரிந்த ஒரு படை. "இந்தக் கறுப்பைத்தான் நான் நம்புகிறேன், வெள்ளையில் பாதியைத்தான் கணக்கில் எடுப்பேன்" என்றார். நாற்பது வருடமாக ஏரியில் இருப்பவர். ஆனாலும் முந்தின நாள் போட்ட துளைக்கு நான்கடி தள்ளி அன்றைக்கும் புதிதாகத் துளை போட்டார்.

அவர் சொன்னது அனுபவம் மட்டுமல்ல. ஏரி நீர் அமைதியாக உறைந்து வருவது தெளிந்த ஐஸ். அதுவே பலமானது. பனி நனைந்து உறைந்ததால் உண்டாவது வெள்ளை ஐஸ். அதற்குள் காற்றுக் குமிழ்கள் இருக்கும், பலம் ஏறக்குறைய பாதி. சாம்பல் நிறமாகத் தெரிந்தால் உள்ளே நீர் இருக்கிறது என்று பொருள், அதன் மேல் கால் வைக்கவே கூடாது. கனடா செஞ்சிலுவைச் சங்கம் தரும் அளவு இது: தனியாக நடக்க 15 சென்ரிமீற்றர், கூட்டமாக விளையாட 20, ஸ்னோமொபைலுக்கு 25. எல்லாம் தெளிந்த ஐஸுக்கான கணக்கு. இதைவிடக் குறைந்த எண்களையும் நீங்கள் கேள்விப்படுவீர்கள். குடும்பத்தோடு போகும்போது பெரிய எண்ணையே பிடித்துக்கொள்ளுங்கள்.

பெப்ரவரி நடுவில் நிபிசிங்கில் வழக்கமாக இதைப்போல் இரண்டு மடங்கு இருக்கும். வழக்கமாக என்ற சொல்லை வைத்துத் திட்டமிட முடியாத காலம் இது. 2023–24 குளிர்காலம் நினைவிருக்கும், ஒன்ராறியோவின் பேரேரிகள் பெரும்பாலும் ஐஸ் பிடிக்காமல் கிடந்தன. அப்படியான வருடத்தில் விடுதி முன்பணம் போனால் போகட்டும் என்று கரையிலேயே நிற்கும் மனம் வேண்டும். புறப்படுவதற்கு முந்தின நாள் மாலையில், ஐஸ் பங்களா வைத்திருப்பவர் ஒருவருக்குத் தொலைபேசியில் பேசுங்கள். "ஐஸ் நன்றாக இருக்கிறதா" என்று கேட்காதீர்கள், நன்றாக இருக்கிறது என்றுதான் பதில் வரும். "இன்றைக்கு எந்த இடத்தில் அளந்தீர்கள், எத்தனை சென்ரிமீற்றர் இருந்தது" என்று கேளுங்கள். பிழைப்பே ஏரியின் மேல் என்று இருப்பவர்கள், கேட்டால் மிகச் சரியாகச் சொல்வார்கள்.

ஏரியில் எங்கே போகக்கூடாது என்பது இதைவிட முக்கியம். நீர் ஓடும் இடத்தில் ஐஸ் தடிக்காது. வடக்கே ஸ்டேர்ஜன் ஆறு வந்து விழும் வாய், தென்மேற்கே பிரெஞ்சு ஆறு ஜோர்ஜியன் குடாவை நோக்கி வெளியேறும் பக்கம், சிற்றோடைகள் வந்து சேரும் மூலைகள், இரண்டு தீவுகளுக்கு இடைப்பட்ட குறுகிய நீர்வழி, பாலத்தின் அடி, இவை எல்லாம் தவிர்க்க வேண்டியவை. நாணல் அடர்ந்த சதுப்புக் கரையும் அப்படியே. அழுகும் தாவரம் வெப்பம் தரும், கறுத்த தண்டுகள் வெயிலை உறிஞ்சும். படகுத்துறைகளில் சிலர் மரத்தூண்களைக் காப்பதற்காக நீருக்குள் குமிழியிடும் கருவி வைத்திருப்பார்கள். அதைச் சுற்றி நடுக்குளிரிலும் திறந்த நீர் இருக்கும். விடுதித் துறையிலிருந்து நேரே ஏரிக்குள் இறங்குவதற்கு முன் இதைக் கட்டாயம் கேட்டுவிடுங்கள்.

உள்ளூர் ஸ்னோமொபைல் கழகங்கள் ஏரிக்குக் குறுக்கே கம்பு நட்டுப் பாதை குறித்திருப்பார்கள். இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் ஊதியம் வாங்காத தொண்டர்கள். மைனஸ் இருபத்தைந்தில் துளை போட்டுக் கம்பு நடும் அவர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறையும். ஒன்ராறியோவின் கழகச் சம்மேளனம் இணையத்தில் வைத்திருக்கும் பாதை வரைபடத்தில் பச்சை என்றால் திறந்திருக்கிறது, மஞ்சள் என்றால் கவனமாகப் போக வேண்டும், சிவப்பு என்றால் மூடியிருக்கிறது. சிவப்பில் போகாதீர்கள். முதல் முறை போகிறவர்கள் கம்புகளை விட்டு விலகவே வேண்டாம். நடு ஏரியில் திடீரென்று காற்று எழுந்து பனியைக் கிளப்பினால் வானமும் தரையும் ஒரே வெள்ளையாகிவிடும், முன்னால் போகிறவரின் பின்விளக்குக்கூடத் தெரியாது. அப்போது அடுத்த கம்பு ஒன்றுதான் உங்களுக்குத் திசை. அடுத்த கம்பு தெரியவில்லை என்றால் நிறுத்திக் காத்திருங்கள்.

விரிசல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐஸ் குளிரில் சுருங்கும், வெயிலில் விரியும். பல கிலோமீற்றர் நீளமான தட்டு விரியும்போது போக இடமில்லாமல் எங்கோ ஒரு கோட்டில் உடைந்து மடிந்து எழும். இடுப்பளவு உயரத்துக்கு ஐஸ் பாளங்கள் வேலிபோல் நிற்பதைக் காண்பீர்கள். அந்த வேலியின் அடியில் இரு பக்கமும் திறந்த நீர் இருக்கக்கூடும். காலையில் கடந்த இடம் மாலையில் திறந்திருக்கலாம். பாதைக்காரர்கள் பலகை போட்டுப் பாலம் வைத்த இடம் அல்லாமல் வேறெங்கும் தாண்டாதீர்கள். வேகமாகப் போய்த் தாவிவிடலாம் என்று சொல்கிறவர் பேச்சைக் கேட்கவே வேண்டாம்.

இனி எவரும் உங்களுக்குச் சொல்லியிராத ஒன்று. ஏரியில் முழுகிப்போவதைவிட அடிக்கடி நடப்பது சேற்றுப்பனியில் மாட்டிக்கொள்வது. கனத்த பனி விழுந்தால் அதன் பாரம் ஐஸ் தட்டைக் கீழே அழுத்தும். நீர் விரிசல் வழியே மேலே ஏறி, பனிக்கும் ஐஸுக்கும் நடுவில் பரவும். மேலேயுள்ள பனி கம்பளிபோல் மூடியிருப்பதால் வெளியே மைனஸ் இருபத்தைந்து இருந்தாலும் அந்த நீர் உறையாது. மேலிருந்து பார்த்தால் ஒரு வேறுபாடும் தெரியாது.

ஒரு பெப்ரவரியில் மனிட்டூ தீவுகள் நன்றாகத் தெரியும் ஓரிடத்தில் படம் எடுப்பதற்காகக் குறித்த பாதையிலிருந்து முப்பது மீற்றர்தான் விலகி வண்டியை நிறுத்தினேன். இறங்கிக் கால் வைத்ததும் முழங்கால்வரை இறங்கியது. சப்பாத்துக்குள் நீர் வந்த பிறகே புரிந்தது. வண்டி பின்பக்கமாக மெல்லத் தாழ்ந்து, கஞ்சி போன்ற சாம்பல் குழம்புக்குள் உட்கார்ந்தது. ஐஸ் உடையவில்லை, அடியில் அரை மீற்றருக்கு மேல் உறுதியாக இருந்தது. ஆனால் இருநூற்றைம்பது கிலோ எடையுள்ள பொறியைக் கஞ்சிக்குள்ளிருந்து தூக்க மூன்று பேருக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. உடல் வியர்த்து நனைந்தது, கால் விறைத்தது, சூரியன் சாய்ந்துகொண்டிருந்தது. அன்று அறிந்துகொண்டேன், குளிர்காலத்தில் மனிதனைக் கொல்வது பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒன்றரை மணி நேரம்தான் என்று.

ஓடிக்கொண்டிருக்கும்போது யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் வண்டி கனத்தால் அது சேற்றுப்பனி. நிறுத்தாதீர்கள். வேகம் கூட்டும் விசையை அழுத்திப் பிடித்தபடி மெல்ல வளைந்து, ஏற்கெனவே வண்டிகள் போய் இறுகிய தடத்துக்கு வந்துவிடுங்கள். மாட்டிக்கொண்டால் சுற்றியுள்ள பனியை மிதித்து இறுக்கி, முன்னாலுள்ள சறுக்குக் கட்டைகளைத் தூக்கி, ஒரு பக்கமாக நகர்த்தி வெளியே எடுங்கள். வெளியே வந்ததும், வண்டியின் அடியில் சுழலும் ரப்பர்ப் பட்டையிலும் சக்கரங்களிலும் அப்பியிருக்கும் குழம்பை உடனே தட்டி எடுங்கள். பத்து நிமிடம் விட்டால் அது கல்லாகி, பட்டை சுழலாது.

ஐஸ் உடைந்து நீருக்குள் விழ நேர்ந்தால் என்ன செய்வது? மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் பல தடவை தானே உறைநீருக்குள் இறங்கி ஆராய்ந்தவர். அவர் தரும் கணக்கு 1–10–1. முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுப்பாடில்லாமல் இரைக்கும். அதற்குள் நீரைக் குடித்துவிடாமல் தலையை மேலே வைத்திருப்பதே வேலை. அடுத்த பத்து நிமிடம் கையும் காலும் சொன்னதைக் கேட்கும். அதற்குள் வெளியேற வேண்டும். ஒரு மணி நேரம்வரை உடல் குளிரால் நினைவிழக்காது. இந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். பலர் நீரில் விழுந்த உடனே உயிர் போய்விடும் என்று நம்பிப் பதறுகிறார்கள், அந்தப் பதற்றத்திலேயே பத்து நிமிடத்தைத் தொலைக்கிறார்கள்.

வந்த திசைக்குத் திரும்புங்கள், ஏனென்றால் அந்தப் பக்கத்து ஐஸ் உங்களை இதுவரை தாங்கியது. உடுப்பைக் கழற்ற வேண்டாம், அதற்குள் காற்று இருக்கிறது, கொஞ்ச நேரம் மிதக்க வைக்கும். கைகளை ஐஸின் மேல் நீட்டி, நீந்துவதுபோல் கால்களை உதைத்து, உடலைக் கிடையாக்கி மேலே வழுக்கி ஏறுங்கள். எழுந்து நிற்காமல் உருண்டு விலகுங்கள். வழுக்கும் ஐஸில் வெறும் கைக்குப் பிடி கிடையாது. கழுத்தில் தொங்கவிடும் ஐஸ் ஊசிகள் என்று ஒரு சோடி விற்பார்கள், கைப்பிடி வைத்த இரண்டு ஆணிகள்தான். விலை சொற்பம். ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு சோடி இருக்கட்டும், பைக்குள் அல்ல. கூட வருபவர் ஓடிப்போய்க் கை கொடுக்கக் கூடாது. தூர நின்று, படுத்துக்கொண்டு கயிறு எறிய வேண்டும்.

இப்போது வண்டி. ஸ்னோமொபைல் மோட்டார்சைக்கிளும் அல்ல, காரும் அல்ல. முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் ரப்பர்ப் பட்டை. வலது கட்டைவிரலால் அழுத்துவது விசை, இடக்கைப் பிடி பிரேக். புதியவர்களுக்கு நேரும் விபத்தில் பெரும்பங்கு இந்தக் கட்டைவிரலால் வருவது. வண்டி துள்ளினால் பயத்தில் கைப்பிடியை இறுகப் பிடிப்போம், அப்போது கட்டைவிரலும் சேர்ந்து அழுத்தும், வண்டி இன்னும் பாயும். அதற்காகத்தான் சுருள் கயிறு ஒன்று இருக்கிறது. ஒரு முனை வண்டியில், மறுமுனை உங்கள் மேலங்கியில். நீங்கள் விழுந்தால் இயந்திரம் நின்றுவிடும். அதை மாட்டாமல் ஒரு மீற்றரும் நகர வேண்டாம். முதல் அரை மணி நேரம் ஏரியில் இறங்காமல், திறந்த வயலிலோ விடுதி முற்றத்திலோ புறப்படவும் நிற்கவும் திரும்பவும் மட்டும் பழகுங்கள். வாடகை நேரம் வீணாகிறது என்று நினைக்காதீர்கள்.

காற்று பனியைத் துடைத்துவிட்ட வெற்று ஐஸில் இரண்டு தொல்லைகள். சறுக்குக் கட்டைகளின் அடியிலுள்ள உலோகப் பற்கள் பிடிக்காமல், கைப்பிடியைத் திருப்பினாலும் வண்டி நேரே போகும், பிரேக் பிடித்தால் பட்டை நின்று முழு வண்டியும் வழுக்கும். ஆகவே வேகத்தை முன்கூட்டியே குறைக்க வேண்டும். மற்றது பலருக்குத் தெரியாது. பெரும்பாலான வண்டிகளில் பட்டை அள்ளி எறியும் பனிதான் இயந்திரத்தைக் குளிர்விக்கிறது. பட்டை உரசும் நெகிழிக் கீற்றுகளுக்கும் அந்தப் பனியே மசகு. பனியில்லாத ஐஸில் நெடுந்தூரம் ஓடினால் மைனஸ் இருபதிலும் இயந்திரம் கொதிக்கும், கீற்று உருகும். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் பனி கிடக்கும் பக்கம் ஒதுங்கி ஓட்டுங்கள்.

இந்த வண்டி விளையாட்டுக்காகப் பிறந்ததல்ல என்பதையும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கியூபெக்கின் வல்கூர் ஊரில் வாகனம் திருத்துபவராக இருந்த ஜோசெப்-ஆர்மண்ட் பொம்பார்டியே, 1934 குளிர்காலத்தில் தன் இரண்டு வயது மகனை இழந்தார். குடல்வால் அழற்சி. பாதையெல்லாம் பனி மூடியிருந்ததால் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியிருக்கவில்லை. பனியில் ஓடும் வண்டிக்காக இளவயதிலிருந்தே உழைத்துக்கொண்டிருந்த அந்த மனிதர், பல்சக்கரமும் ரப்பர்ப் பட்டையும் கொண்ட அமைப்புக்கு 1937இல் காப்புரிமை பெற்றார். அந்த வருடமே ஏழு பேர் அமரும் வண்டி வந்தது, 1942இல் பன்னிரண்டு பேர் அமரும் வண்டி. மருத்துவர்களும் தபால்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளும் அதில் போனார்கள். வட்ட ஜன்னல் வைத்த அந்தப் பழைய வண்டிகள் சில வட ஏரிகளில் இன்றும் மீனவரை ஏற்றிப் போகின்றன. கண்டால் நிறுத்திப் பாருங்கள். ஒருவர் இருவர் ஓட்டும் சிறிய வண்டியை அவர் 1959இல்தான் விற்பனைக்குக் கொண்டுவந்தார். நாய் இழுக்கும் சறுக்கு வண்டிக்கு மாற்று என்பதால் 'ஸ்கி-டாக்' என்று பெயர் வைக்க நினைத்தார்கள். அச்சில் நேர்ந்த பிழையால் 'ஸ்கி-டூ' ஆயிற்று என்பார்கள்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்ராறியோவில் உங்கள் கார் ஓட்டும் அனுமதிப்பத்திரமே போதும். வண்டிக்குப் பதிவும் காப்புறுதியும், கழகப் பாதைகளுக்குத் தனி அனுமதியும் வேண்டும், வாடகையில் அது அடங்குமா என்று கேளுங்கள். ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் தலைக்கவசம் கட்டாயம். பாதையில் வேக எல்லை மணிக்கு 50 கிலோமீற்றர். பன்னிரண்டு வயது முடிந்தவர்கள் பயிற்சி பெற்று ஸ்னோமொபைல் அனுமதிப்பத்திரம் எடுத்தால் பாதையில் ஓட்டலாம். அந்தப் பத்திரம் இல்லாமல் உங்கள் பதின்மூன்று வயது மகள் இந்தப் பயணத்தில் ஓட்ட முடியாது, பின்னால் உட்காரலாம். எட்டு வயது மகனுக்குக் கால் வைக்கும் பலகையில் பாதம் முழுதாக எட்டினால், கைப்பிடியை அவனாகவே இறுகப் பிடிக்க முடிந்தால் ஏற்றுங்கள். எட்டாவிட்டால் இந்த வருடம் வேண்டாம். முன்னால் மடியில் வைத்து ஓட்டுவது பாசம்போல் தெரியும், வண்டி எதிலாவது மோதினால் உங்கள் உடலின் எடை முழுவதும் அவன்மேல்தான் விழும்.

மதுவைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். நான்கு குடும்பம் சேர்ந்தால் மாலையில் போத்தல் திறக்கும் என்று எனக்குத் தெரியும். திறந்த பிறகு வண்டிச் சாவியைத் தொடாதீர்கள். குடித்துவிட்டு ஸ்னோமொபைல் ஓட்டினால் கார் ஓட்டியதற்குள்ள அதே குற்றவியல் சட்டம்தான், கார் அனுமதிப்பத்திரமும் சேர்ந்தே போகும். இருட்டிய பிறகு ஏரிக்குப் போவதே வேண்டாம் என்பேன். மணிக்கு 50 என்றால் விநாடிக்கு 14 மீற்றர். ஐஸில் நிற்க எடுக்கும் தூரத்தை அதோடு கூட்டிப் பாருங்கள், முன்விளக்கு வெளிச்சத்தில் விரிசலைக் கண்ட பிறகு செய்வதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது. பெப்ரவரியில் ஆறு மணிக்கு முன்பே பொழுது சாயும். நாலரைக்குக் கரையில் இருங்கள்.

உடுப்பில் நம்மவர்கள் செய்யும் பிழை ஒன்றே ஒன்று: ஜீன்ஸ். பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பிறகு உடம்பைக் குளிரவைக்கும். உடலோடு ஒட்டிக் கம்பளி அல்லது செயற்கை நூல் உள்ளாடை, அதன்மேல் தடித்த கம்பளிப் பின்னல், வெளியே காற்றுப் புகாத முழு உடுப்பு. மிதக்கும் வகை உடுப்பு வாடகைக்குக் கிடைத்தால் சில டொலர் கூடினாலும் அதையே எடுங்கள். விரல் பிரிந்த கையுறையைவிட விரல்கள் ஒன்றாக இருக்கும் கையுறை சூடு தரும். மைனஸ் 20இல் 50 வேகத்தில் போனால், முகத்தில் படும் குளிர் மைனஸ் 35க்குச் சமம். திறந்த தோல் பத்து முதல் முப்பது நிமிடத்தில் உறைபுண் ஆகும். மூக்கு நுனியையும் கன்னத்தையும் தானே பார்க்க முடியாது, ஆகவே ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒருவர் முகத்தை ஒருவர் பாருங்கள். மெழுகுபோல வெளிறிய புள்ளி தெரிந்தால் உடனே உள்ளங்கையால் மூடிச் சூடாக்குங்கள், தேய்க்காதீர்கள். சால்வை, துப்பட்டா, நீண்ட பின்னல் எல்லாவற்றையும் உடுப்புக்குள் விட்டுப் பூட்டுங்கள், சுழலும் பட்டையில் அகப்பட்டால் கழுத்துக்கு ஆபத்து. மாற்றுக் காலுறை, தீக்குச்சி, கைத்தொலைபேசி எல்லாம் நீர் புகாத பையில், கைத்தொலைபேசி உடம்போடு ஒட்டி. குளிரில் மின்கலம் விரைவில் இறங்கிவிடும்.

ஐஸ் பங்களாவுக்குள் போய் மீன் பிடிக்க நினைத்தால், எரிவாயு அடுப்பு எரியும்போது காற்றுத் துளை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகளுக்கு அந்த அனுபவம் ஓட்டுவதைவிடப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். காலடியில் வட்டத் துளை, அதில் பச்சைக் கறுப்பாக நீர், தூண்டில் நூல் மெல்ல நடுங்கும்போது எல்லாரும் மூச்சைப் பிடிப்பார்கள்.

இரவில் விடுதியில் படுத்திருக்கும்போது ஏரியிலிருந்து ஒரு சத்தம் கேட்கும். முதலில் தொலைவில் பீரங்கிபோல ஒரு முழக்கம், பிறகு கம்பியைச் சுண்டியதுபோல் அது நீண்டு ஏரியின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஓடும். பிள்ளைகள் எழுந்து உங்கள் அறைக்கு ஓடிவரலாம். படுக்கப் போகும் முன்பே சொல்லிவையுங்கள்: குளிர் இறுகும் இரவில் ஐஸ் சுருங்கி வெடிக்கும் ஓசை அது. மறுநாள் காலை ஐஸ் பங்களா வைத்திருப்பவரிடம் போய், இரவு எத்தனை சென்ரிமீற்றர் கூடியது என்று மகனையே கேட்கச் சொல்லுங்கள். கம்பியை அவன் கையில் கொடுத்து அளக்கச் சொல்வார்.